ஒரே மில், நான்கு அழைப்புகள்: குடிமைச் சமூக அமைப்புகள் நிறுவனங்களோடு வேலை செய்யும் விதம்

திண்டுக்கல், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் தொழிலாளர் நலனுக்காக இயங்கும் ஓர் அமைப்புக்கு ஒரே மில்லிலிருந்து நான்கு விதமான அழைப்புகள் வரலாம். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு வெளி உறுப்பினராக வர முடியுமா என்று ஹெச்ஆர் கேட்பார். சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணத்தில் பக்கத்து ஊரில் தையல் பயிற்சி மையம் நடத்தித் தருவீர்களா என்று நிர்வாகத்தில் இன்னொருவர் கேட்பார். மில்லின் சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், அதாவது பையர், வேலை நிலைமையைச் சோதிக்க அமர்த்திய ஆடிட் நிறுவனம், தொழிலாளர்களிடம் பேசுவதற்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்று மின்னஞ்சல் போடும். அதே வாரத்தில், அந்த மில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அம்மா, மகளைத் திருவிழாவுக்குக்கூட வீட்டுக்கு விடவில்லை என்று சொல்லிக்கொண்டு அமைப்பின் அலுவலகத்துக்கு வந்து நிற்பார்.

நான்கையும் ஒரே அமைப்பு ஏற்றுக்கொண்டால் முதலில் கெடுவது அந்த அம்மாவின் காரியம்தான். பயிற்சி மையத்தின் அடுத்த தவணை ஜூலையில் வரவேண்டியிருக்கும்போது மே மாதத்தில் மில்லைப் பற்றி பையருக்குக் கடிதம் எழுத யாருக்கும் கை வராது. இதில் யாரும் விலைபோக வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலில் இருக்கும் எட்டுப் பேரின் குடும்பம் கண்முன் வந்து நிற்கும், அதுவே போதும். எந்த நிறுவனத்தோடு எந்த உறவு என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே தீர்மானித்து எழுதி வைத்துக்கொண்ட அமைப்புகள் மட்டுமே பிற்பாடு வாய் திறக்க முடிகிறது.

தமிழ்நாட்டு நூற்பாலைகள் இதைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான இடம். நாட்டின் நூற்பாலைகளில் பாதிக்கு நெருக்கமானவை இங்கே இருக்கின்றன. மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அதைக் கல்யாணச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இளம் பெண்களைச் சேர்த்த 'சுமங்கலித் திட்டம்' இங்கேதான் பரவியது. இடையில் உடல்நிலை கெட்டு ஊருக்குப் போனவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனது. 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்புகள் இதை விரிவாக வெளியிட்டதும், ஐரோப்பிய பிராண்டுகள் சில அந்த மில்களிலிருந்து வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தன. பிராண்டின் பெயர் காப்பாற்றப்பட்டது. மில்லில் இருந்த பெண்களுக்கு ஆர்டர் குறைந்தது, வேறு எதுவும் மாறவில்லை. நிறுவனத்தை அம்பலப்படுத்துவதோடு வேலை முடிந்துவிடாது என்பதை இங்குள்ள அமைப்புகள் அப்போது கற்றுக்கொண்டன. இன்று அனுபவமுள்ள எந்த அமைப்பும் பையருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே 'ஆர்டரை வெட்டாதீர்கள்' என்ற வரியைச் சேர்த்துவிடும்.

ஆடிட் ஏன் போதவில்லை

புகார் எழுந்ததும் பிராண்டுகள் வழக்கமாகத் தரும் பதில் ஆடிட். அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் போதும், எது அதன் கண்ணில் படாது என்பது விளங்கிவிடும். ஒரு ஆடிட்டர் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் வருவார். பெரும்பாலும் தேதி முன்கூட்டியே தெரிந்திருக்கும், அல்லது இன்ன வாரத்துக்குள் என்று தெரிந்திருக்கும். கட்டணத்தைப் பல நேரங்களில் மில்லே கட்டும். காலையில் தொடக்கக் கூட்டம், பிறகு தீயணைப்புக் கருவி, அவசர வழி, மருந்துப் பெட்டி, கழிப்பறை. பிற்பகலில் வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும். நடுவே தொழிலாளர் நேர்காணல், அதுவும் வளாகத்துக்குள்ளேயே, பல சமயம் மில் தேர்ந்தெடுத்த ஆட்களோடு. வெளியே சூப்பர்வைசர் நடந்துகொண்டிருக்கும்போது கண்ணாடி அறைக்குள் பத்தொன்பது வயதுப் பெண் எதைச் சொல்ல முடியும்?

தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியை ஆடிட் பிடிக்கும். ஓவர்டைம் பணம் தனி நோட்டில் போகிறதா என்பதைச் சிலவேளை பிடிக்கும். பாலியல் தொல்லை, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, சங்கத்தில் சேர்ந்தவரை வேறு ஷிப்டுக்கு மாற்றுவது ஆகியவற்றை ஏறத்தாழப் பிடிக்கவே பிடிக்காது. ஏனென்றால் இவற்றுக்குப் பதிவேடு கிடையாது.

உயிர் போன பிறகுதான் இது உலகத்துக்கு உறைத்தது. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை, தொழிலாளர் நிலைமை சரியாக இருக்கிறது என்று காட்டும் எஸ்ஏ 8000 சான்றிதழை வாங்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி ஊழியர்களை அனுப்பிவிட்டது. மேல்தளத் தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொல்லப்பட்டார்கள். அங்கே இயங்கிய ஆலைகளும் ஏற்கெனவே சமூக ஆடிட் பார்த்தவைதான். கட்டடத்தின் உறுதி அந்த ஆடிட்டின் வரம்புக்குள் வரவில்லை. வேலைக்குப் போக மாட்டேன் என்று சொல்லும் பலத்தைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் சங்கமும் அங்கே இல்லை.

கையெழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது

ராணா பிளாசாவுக்குப் பிறகு மூன்றே வாரத்தில், ஆலைகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்கான வங்கதேச அக்கார்ட் உடன்பாடு கையெழுத்தானது. அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது என்பதில்தான் அமைப்புகளுக்கான பாடம் இருக்கிறது. உடன்பாட்டின் அடிப்படை வடிவம் ஓராண்டுக்கு முன்பே தயாராக இருந்தது. முந்தைய தீ விபத்துகளுக்குப் பிறகு தொழிற்சங்கங்களும் தொழிலாளர் உரிமை அமைப்புகளும் சேர்ந்து எழுதிய அந்த ஆவணத்தில் 2012-ல் பி.வி.ஹெச்., சீபோ ஆகிய இரண்டு பிராண்டு நிறுவனங்கள் கையெழுத்திட்டன. நான்கு பிராண்டுகள் சேர்ந்தால்தான் அமலுக்கு வரும் என்ற நிபந்தனை இருந்ததால் அது கிடப்பில் கிடந்தது. உலகம் திரும்பிப் பார்த்த நேரத்தில் அமைப்புகள் கோரிக்கை எழுத உட்காரவில்லை. எழுதி வைத்திருந்ததை எடுத்து நீட்டின.

அந்த உடன்பாட்டில் ஒருபுறம் பிராண்டுகளும் மறுபுறம் இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும், அதாவது இண்டஸ்ட்ரியாலும் யூனி குளோபலும், கையெழுத்திட்டன. கிளீன் குளோத்ஸ் கேம்பெய்ன் போன்ற அரசுசாரா அமைப்புகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டன. இந்தப் பிரிவினை தற்செயலானதல்ல. தொழிலாளர் சார்பில் ஒப்பந்தம் போடும் உரிமை சங்கத்துக்கு உண்டு, தொண்டு நிறுவனத்துக்குக் கிடையாது. என்ஜிஓ தன் ஆய்வாலும் பிரச்சாரத்தாலும் பிராண்டைக் கொண்டுவந்து உட்கார வைத்தது, கையெழுத்துரிமையைச் சங்கத்திடம் விட்டது.

உள்ளே இருந்த உறுப்புகளில் முக்கியமானவை சில. ஆய்வு செய்யும் பொறியாளர்கள் பிராண்டுக்கோ ஆலைக்கோ பதில் சொல்லவேண்டியவர்கள் அல்லர். ஆய்வறிக்கை பொதுவில் வெளியாகும். பழுதுபார்க்க ஆலைக்குப் பணம் இல்லையென்றால், விலையைக் கூட்டியோ கடன் ஏற்பாடு செய்தோ அதற்கு வழிசெய்வது பிராண்டின் கடமை. ஆலை ஒத்துழைக்க மறுத்தால் எல்லாப் பிராண்டுகளும் சேர்ந்து ஆர்டரை நிறுத்தவேண்டும். பிராண்ட் வாக்குத் தவறினால் சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இந்தக் கடைசி உறுப்பு காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 2016-ல் இரண்டு பிராண்டுகள் மேல் ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்தில் சங்கங்கள் வழக்குப் போட்டன. இரண்டாவது வழக்கு 2018 ஜனவரியில் 23 லட்சம் டாலருக்குத் தீர்ந்தது. 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகளும் 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகளும் இந்த ஏற்பாட்டின் கீழ் வந்தன. அதே காலத்தில் பல அமெரிக்க நிறுவனங்கள் 'அலையன்ஸ்' என்று தனி ஏற்பாடு வைத்துக்கொண்டன. சங்கங்கள் சம பங்காளியாக அதில் இல்லை.

2019-ல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் இதே வடிவம் பாலியல் வன்முறைக்குப் பொருத்தப்பட்டது. நியென் சிங் ஜவுளி ஆலைகளில் நடந்த கொடுமைகள் வெளியானதும் லீவைஸ், கொன்டூர், சில்ட்ரன்ஸ் பிளேஸ் ஆகிய பிராண்டுகள் மூன்று சங்கங்களோடும் இரண்டு பெண்கள் அமைப்புகளோடும் உடன்பாடு கண்டன. அடுத்தது திண்டுக்கல்.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம், அந்த ஆலையில் ஏற்கெனவே உறுப்பினர்களை வைத்திருந்தது. ஆசியத் தொழிலாளர் கூட்டணியான ஆசிய ஃபுளோர் வேஜ் அலையன்ஸும் அமெரிக்காவின் ஜி.எல்.ஜே.-ஐ.எல்.ஆர்.எஃப். என்ற தொழிலாளர் உரிமை அமைப்பும் துணைக்கு வந்தன. ஓராண்டுக்கும் மேலான பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேனும் ஹெச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்திட்டன, பிறகு கேப்பும் பி.வி.ஹெச்.சும் சேர்ந்தன. திண்டுக்கல் உடன்பாடு என்று இதற்குப் பெயர். பெண்கள் பெரும்பான்மையாக உள்ள ஏறத்தாழ 5,000 தொழிலாளர்கள் இதன் கீழ் வருகிறார்கள்.

தளத்தில் அது எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இருபத்தைந்து தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம் கண்காணிப்பாளர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அதிகாரிகள் அல்லர். அதே வரிசையில் தைப்பவர், அதே பேருந்தில் வருபவர், சங்கம் பயிற்சி கொடுத்தவர். சூப்பர்வைசர் ஒருவரின் பேச்சோ கையோ எல்லை மீறினால் முதல் வாரத்திலேயே அது காதுக்கு வந்துவிடும். ஆண்டுக்கொரு முறை வரும் ஆடிட்டருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அதுதான். சிறு விஷயங்களை அவர் அங்கேயே நிர்வாகத்திடம் பேசி முடிப்பார். பெரியவை உள்ளகக் குழுவுக்கோ சுயேச்சையான மதிப்பீட்டாளரிடமோ போகும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக்கூடாது. ஈஸ்ட்மேன் உடன்பாட்டை மீறினால் அந்தந்தப் பிராண்ட் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. முதல் ஆண்டில் 180-க்கும் மேற்பட்ட குறைகள் எழுப்பப்பட்டன, மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. எண்ணிக்கை கூடினால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பிராண்டின் அலுவலகத்தில் பயப்படுவார்கள். பயப்படவேண்டியது பூச்சியம் புகார் காட்டும் ஆலையைப் பார்த்துத்தான்.

இது ஏன் மற்ற ஆலைகளுக்குப் பரவவில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் கணிப்பில் காரணம் ஈஸ்ட்மேனின் அமைப்பு. நூல் நூற்பதிலிருந்து ஆடை தைப்பது வரை ஒரே குழுமத்துக்குள் இருப்பதால், ஆடை வாங்கும் பிராண்டின் அழுத்தம் நூற்பாலை விடுதி வரை போய்ச் சேர்கிறது. தனி நூற்பாலையின் கதை வேறு. அதன் நூல் ஒரு வியாபாரி வழியாக நிட்டிங்குக்குப் போய், சாயப்பட்டறைக்குப் போய், மூன்றாவது கைமாறி ஆடையாகிறது. நூலில் பிராண்ட் பெயர் எழுதியிருக்காது. பிராண்டுகள் வெளியிடும் ஆலைப் பட்டியலில் ஆடை தைக்கும் இடங்கள் இருக்கும், மில் இருக்காது. அங்கே இதே வடிவத்தைக் கொண்டுபோக வேண்டுமானால் ஒரே மில்லிடம் மறைமுகமாக வாங்கும் ஐந்தாறு பிராண்டுகளை முதலில் அடையாளம் காணவேண்டும், அதற்கே ஓராண்டு போய்விடும்.

கயிற்றின் மறுமுனையைக் கண்டுபிடிப்பது

ஆலைக்கும் பையருக்கும் இடையிலான தொடர்பை நிரூபிப்பதுதான் பாதி வேலை. ஆடையின் கழுத்து லேபிளில் அல்லது பக்கவாட்டு லேபிளில் அமெரிக்கச் சந்தைக்கான ஆர்.என். எண் (பதிவு எண்) இருந்தால், அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் இணையதளத்தில் அதைப் போட்டு இறக்குமதியாளர் யார் என்று பார்க்கலாம். கனடாவுக்குப் போவதில் சி.ஏ. எண் இருக்கும். அட்டைப்பெட்டியில் ஒட்டும் ஸ்டைல் எண், பி.ஓ. எண் (கொள்முதல் ஆர்டர் எண்) ஆகியவை இன்னும் உறுதியான சான்றுகள். 'ஓப்பன் சப்ளை ஹப்' தளத்தில் ஆலையின் பெயரைப் போட்டால் எந்தெந்தப் பிராண்டுகள் அதைத் தங்கள் பட்டியலில் வைத்திருக்கின்றன என்று தெரியும். கடல்வழியாக அமெரிக்கா போகும் சரக்கின் விவரங்கள் கட்டணத் தளங்களில் கிடைக்கின்றன.

இந்த இடத்தில் நடக்கும் தவறு ஒன்று ஆளையே பாதிக்கும். லேபிளைப் படம் எடுத்து அனுப்பு என்று தொழிலாளியிடம் சொல்லக்கூடாது. ஃபோன் தடைசெய்யப்பட்ட தளத்தில் ஃபோனோடு பிடிபட்டால் வேலை போகும். எண்ணை மனப்பாடம் செய்து வெளியே வந்து துண்டுச் சீட்டில் எழுதினால் போதும்.

ஊதியப் புகாருக்குச் சம்பளச் சீட்டோடு வருங்கால வைப்பு நிதியின் பாஸ்புக்கை ஒப்பிடுவது எளிமையான, உறுதியான சோதனை. பிடித்த தொகை கட்டப்பட்டிருக்கிறதா, எந்தச் சம்பளத்தைக் காட்டிக் கட்டியிருக்கிறார்கள் என்பது மாதவாரியாகத் தெரியும். ஓவர்டைம் நேரத்தைத் தொழிலாளி தன் நாட்காட்டியில் ஆறு வாரம் குறித்துவந்தால் அது சான்றாக நிற்கும். ஒருவர் சொல்வது புகார். வெவ்வேறு ஷிப்டில் இருக்கும் ஏழெட்டுப் பேர் தனித்தனியாகச் சொல்வது ஒன்றுபோல இருந்தால் அதைப் பிராண்டால் எளிதில் தள்ளிவிட முடியாது. யார் சொன்னார் என்று ஊகிக்க முடியாதபடி தேதியையும் பிரிவையும் பொதுவாக்கித்தான் கடிதத்தில் எழுதவேண்டும்.

கடிதம் பிராண்டின் சிஎஸ்ஆர் பிரிவுக்குப் போனால் அழகான பதில் வரும், காரியம் நடக்காது. கொள்முதல் பிரிவின் தலைவருக்கும் மனித உரிமைப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்பவேண்டும், ஏனென்றால் அடுத்த ஆர்டரை முடிவு செய்பவர் கொள்முதல்காரர். கேட்பது மூன்று நான்காக, தேதியோடு இருக்கவேண்டும்: ஆர்டரை வெட்டாதே, பழிவாங்கலைத் தடு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விசாரணையாளரை வைத்து ஆலைக்கு வெளியே நேர்காணல் நடத்து, அறிக்கையைச் சங்கத்துக்கும் கொடு. பதிலுக்கு இரண்டு மூன்று வாரம் கொடுப்பது வழக்கம். பதில் வராவிட்டால் அடுத்த படி என்ன என்பதைக் கடிதம் அனுப்பும் முன்பே முடிவு செய்திருக்கவேண்டும். வெறும் மிரட்டலாக எழுதிவிட்டு ஒன்றும் செய்யாத அமைப்பின் இரண்டாவது கடிதத்தை யாரும் படிப்பதில்லை.

அடுத்த படிகள் நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தவை. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நிறுவனங்களுக்காக வகுத்த வழிகாட்டு நெறிகளை ஏற்ற நாடுகளில், புகார் கேட்க 'தேசியத் தொடர்பு மையம்' உண்டு. இந்தியா அதில் இல்லை, ஆகவே பையரின் சொந்த நாட்டில் புகார் கொடுக்கவேண்டும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் சுரங்கம் தோண்டும் திட்டம் தொடர்பாக வேதாந்தா நிறுவனத்தின் மீது, பழங்குடி உரிமை அமைப்பான சர்வைவல் இண்டர்நேஷனல் 2008-ல் பிரிட்டன் மையத்தில் கொடுத்த புகார், அடுத்த ஆண்டே நிறுவனத்துக்கு எதிரான முடிவைப் பெற்றது. அந்த மையத்தால் அபராதம் போட முடியாது. ஆனால் அதன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முதலீட்டாளர்களிடம் போகலாம். 2010-ல் இங்கிலாந்துத் திருச்சபை தன் வேதாந்தா பங்குகளை விற்றது. மலையைக் காப்பாற்றியது கடைசியில் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவும் அதன்படி கூடிய 12 கிராமசபைகளின் மறுப்பும்தான். வெளிநாட்டுப் புகார் உள்ளூர்ப் போராட்டத்துக்குத் துணை, அதன் இடத்தைப் பிடிக்காது.

ஜெர்மனியில் 2023 முதல் அமலான விநியோகச் சங்கிலிச் சட்டத்தின்படி அங்குள்ள பெரிய நிறுவனங்கள் புகார் வழி ஒன்றை வைத்திருக்கவேண்டும், இங்குள்ள தொழிலாளியும் அதைப் பயன்படுத்தலாம். அமெரிக்கச் சுங்கத் துறைக்கு, கட்டாய உழைப்பில் செய்த பொருளைத் துறைமுகத்திலேயே நிறுத்தும் அதிகாரம் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. இது மிகக் கூர்மையான ஆயுதம், மிகக் கவனமாகத் தொடவேண்டியதும் இதைத்தான். சரக்கு நின்றால் மறுவாரமே ஆலையில் வேலை குறையும். நாச்சி அப்பேரல் மீது 2022 ஜூலையில் இந்தத் தடை வந்தது. உடன்பாடு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்ததால் நிலைமை மாறியிருப்பதைச் சான்றோடு காட்ட முடிந்தது, செப்டம்பரிலேயே தடை நீங்கியது. அப்படியொரு உடன்பாடு இல்லாத ஆலையில் இந்தத் தடை ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம்.

உள்ளூர் நிறுவனமென்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியிருக்கும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு அறிக்கையைப் படிக்கும் பழக்கம் வேண்டும். பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் அதைத் தருகின்றன. எத்தனை பாலியல் தொல்லைப் புகார் வந்தது, எத்தனை நிலுவை என்று அதில் நிறுவனமே எழுதியிருக்கும். களத்தில் நீங்கள் அறிந்ததோடு அந்த எண் பொருந்தாவிட்டால், நிறுவனத்தின் சொந்த வாக்குமூலத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

இருநூறு ரூபாய் நாற்காலி

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும், அதில் ஒருவர் அரசுசாரா அமைப்பிலிருந்தோ இதில் அனுபவம் உள்ளவராகவோ இருக்கவேண்டும் என்கிறது சட்டம். அமைப்பையும் நிறுவனத்தையும் சட்டமே ஓர் அறையில் சேர்த்து உட்காரவைக்கும் அபூர்வமான இடம் இது. விதிப்படி வெளி உறுப்பினருக்கு விசாரணை நாளொன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும், கொடுப்பவர் முதலாளி. நடைமுறையில் பல நிறுவனங்கள் இதைவிடப் பல மடங்கு தருகின்றன. அந்தத் தொகை பெருகப்பெருக, எந்தப் பக்கம் சாயவேண்டும் என்ற அழுத்தமும் பெருகும்.

வெளி உறுப்பினர் ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்கவேண்டியவை உண்டு. குழுவில் பாதிப் பேராவது பெண்களா, தலைவராக இருப்பவர் நிஜமாகவே மூத்த பதவியில் உள்ளவரா, இல்லை கையெழுத்துக்காக விடுதி வார்டனைப் போட்டிருக்கிறார்களா? இரவு ஷிப்டில் இருப்பவர் யாரிடம் புகார் கொடுப்பார்? தமிழ் தெரியாத ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பெண்களுக்கு அவர்கள் மொழியில் பேச ஆள் உண்டா? கடந்த ஆண்டின் அறிக்கை மாவட்ட அதிகாரிக்குப் போனதா?

விசாரணையில் வழுக்கும் இடம் பெரும்பாலும் சமரசம். 'பேசி முடித்துவிடலாம், ஏதாவது கொடுத்துவிடலாம்' என்று நிர்வாகம் சொல்லும். புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசம், அப்போதும் பணம் கொடுப்பதை அடிப்படையாக வைக்கக்கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. விசாரணையை 90 நாளில் முடித்து, அறிக்கையைப் பத்து நாளில் கொடுத்து, 60 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கவேண்டும். அதுவரை அந்தப் பெண் அதே சூப்பர்வைசரின் கீழ் வேலை செய்யக்கூடாது. அவர் எழுதிக் கேட்டால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ பரிந்துரைக்கலாம். வெளி உறுப்பினர் தன் குறிப்புகளைத் தானே வைத்துக்கொள்ளவேண்டும், மாறுபட்ட கருத்து இருந்தால் அறிக்கையிலேயே எழுதிவிடவேண்டும். ஆண்டுக்கொரு முறை புகைப்படத்துக்கு மட்டும் அழைக்கும் குழுவிலிருந்து விலகுவது நல்லது. அங்கே தொடர்வது அந்தக் குழு இயங்குகிறது என்று சான்று கொடுப்பதாகிவிடும்.

சிஎஸ்ஆர் பணம்

நிறுவனங்களோடு வேலை என்றாலே பல அமைப்புகளுக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம் கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிடவேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அமைப்பு தன் பக்கத்தில் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், மூன்றாண்டு அனுபவமும், சிஎஸ்ஆர்-1 படிவம் வழியாகக் கிடைக்கும் பதிவெண்ணும் வைத்திருக்கவேண்டும்.

இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் காலம். ஆண்டுக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் பிப்ரவரியில் பணம் வரும், மார்ச் 31-க்குள் செலவுச் சான்று கேட்பார்கள். ஆறு மாதப் பயிற்சியை ஆறு வாரத்தில் நடத்தினால் பட்டியலில் பெயர் இருக்கும், கையில் தொழில் இருக்காது. தொடக்கத்திலேயே 'தொடர் திட்டம்' என்று நிறுவனத்தின் குழு தீர்மானம் போட்டுவிட்டால், செலவாகாத தொகையை ஏப்ரல் 30-க்குள் தனிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டில் செலவிடலாம். அந்தத் தீர்மானத்தின் நகல் வந்த பிறகே ஆளை வேலைக்கு எடுக்கவேண்டும்.

நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சொல்லி அமைப்பின் சம்பளத்தையும் வாடகையையும் வெட்டும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. விதியில் உள்ள 5 விழுக்காடு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் அலுவலகத்தை நடத்தும் பொதுச் செலவுக்கான உச்சவரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று வரையறையிலேயே எழுதியிருக்கிறது. பட்ஜெட்டில் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை 'நிர்வாகம்' என்ற தலைப்பில் போடாமல் திட்டச் செலவாகப் போட்டால் பாதிச் சண்டை குறையும்.

எதற்கு இந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பதும் விதியிலேயே உண்டு. நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது சிஎஸ்ஆர் ஆகாது. வேறு சட்டம் சுமத்திய கடமையை நிறைவேற்றுவதும் ஆகாது. ஆகவே மில்லின் சொந்தத் தொழிலாளிகளுக்கு உரிமைப் பயிற்சி கொடுப்பதற்கோ, நிறுவனமே கெடுத்த மண்ணைச் சுத்தம் செய்வதற்கோ இந்தக் கணக்கில் பணம் வாங்கினால் அது பொறுப்பிலிருந்து நிறுவனத்தைத் தப்பிக்க வைப்பதாகும். கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கண்ணாடி உடைசல்கள் 2001-ல் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டன. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006-ல் உயர் நீதிமன்றம் போனது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான தீர்வு 2016-ல்தான் வந்தது. அது தொழிலாளர்களுக்கான தீர்வு. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வழக்காடல் தனியே தொடர்ந்தது. எந்த உடன்பாட்டிலும் எது தீர்ந்தது என்பதோடு எது தீரவில்லை என்பதையும் எழுதவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை.

நிறுவனத்தோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை வழக்கறிஞர் இல்லாமலே சரிபார்க்கலாம். அமைப்பின் பெயரையும் சின்னத்தையும் முன் அனுமதியின்றி விளம்பரத்திலோ ஆண்டறிக்கையிலோ போடக்கூடாது. ரகசியக் காப்புப் பிரிவு, சட்டமீறலை அதிகாரிகளிடமோ பையரிடமோ சொல்வதைத் தடுக்கக்கூடாது. 'நிறுவனத்தின் நற்பெயருக்கு ஊறு செய்யக்கூடாது' என்ற வரி இருந்தால் அடித்துவிடவேண்டும், அதை விட்டுக்கொடுக்காத நிறுவனத்திடம் பணம் வாங்கவேண்டியதில்லை. பயனாளிகளின் பெயர், ஆதார், ஃபோன் எண் பட்டியல் நிறுவனத்துக்குப் போகக்கூடாது, எண்ணிக்கை மட்டும் போதும்.

ஒரே நிறுவனத்திடமிருந்து வரும் பணம் மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு வரை போகலாம் என்று நிர்வாகக் குழு உச்சவரம்பு வைக்கவேண்டும். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஆபத்து என்பது என் கருத்து. அதைவிட முக்கியமானது, எந்த மில்லின் தொழிலாளர்களுக்காகப் பேசுகிறோமோ அந்த மில்லிடமிருந்து ஒரு ரூபாயும் வாங்காமல் இருப்பது. பயிற்சி மையத்துக்கான பணத்தை வேறு தொழிலைச் சேர்ந்த நிறுவனத்திடம் கேட்கலாம்.

உறவு முறியும்போது கவனிக்கவேண்டிய காரியம் ஒன்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் விட்டுப்போகிறது. ஆலையில் உதவி எண் நடத்திய அமைப்பு வெளியேறினால், பாதியில் நிற்கும் புகார்கள் என்ன ஆகும்? தீராத ஒவ்வொரு புகாருக்கும் அந்தத் தொழிலாளியின் சம்மதத்தோடு அடுத்த பொறுப்பாளரைக் குறித்து, சங்கத்துக்கோ வழக்கறிஞருக்கோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ மாற்றித் தர மூன்று மாத அவகாசம் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். பெயர்கள் உள்ள பதிவுகள் அமைப்பின் பூட்டிய அலமாரியில் இருக்கவேண்டும், ஆலையின் கணினியில் ஒருபோதும் இருக்கக்கூடாது. உதவி எண் அட்டை இன்னும் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்தால், அமைப்பு வெளியேறும் நாளில் அதைக் கிழித்துவிட்டுப் புதிய எண்ணை ஒட்டுவதும் அதே பட்டியலில் சேரும்.